கடைசி வரிசையின் இரண்டு படங்கள்

“இஞ்சயும் நான் தண்ணிதானே இறைக்கிறன் மிஸ். அந்த வீட்டக் கட்டியிருந்தா என்ட வீட்டுத் தண்ணிய இறைச்சிருப்பன். எந்தத் தண்ணிய இறைக்கிறதெண்டு என்னட்ட ஏன் ஒருத்தரும் கேக்கல்ல?”

இப்படிக் கேட்டவள் ஹாஜறா. கேட்கும்போது அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பேசின் இருந்தது. தகரக் கொட்டிலுக்குள் கணுக்கால் அளவுக்கு மழைத் தண்ணீர். வாசலில் குடையோடு நின்ற எனக்குப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு வீட்டுத்திட்ட வேலை முடிந்தது, யுத்தமும் முடிந்தது, எங்கள் கல்முனை ஓபிஸைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்தும் ஆயிற்று. பதில் இன்னும் வரவில்லை.

இப்போது நீங்கள் வடக்கே வேலைக்குப் போகிறீர்கள். அங்கேயும் வீட்டுத்திட்டம், அங்கேயும் தகரக் கொட்டில், அங்கேயும் லெப்டொப். போகிறவர்களுக்குப் புத்தியாக ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இப்படி எழுதுகிறவர்களுக்குத் தலை நரைத்திருக்கும். எனக்கு நரைக்கவில்லை. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கும் பழக்கம் இருக்கிறது. ஓபிஸ் மூடப்பட்டதால் முப்பது வயது தாண்டியதும் ஓய்வு பெற்றவள் நான். ஆகவே பெரிய மனிசியின் அறிவுரையாக இதை வாசிக்க வேண்டாம்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்கிறேன்.

சுனாமியில் கடல் வந்து போன பிறகு எங்கள் கரைக்கு வராத பொருள் கிடையாது. குளிர்நாட்டுக் கம்பளி வந்தது. மிஞ்சி நின்ற பெண்களின் காலுக்குப் பொருந்தாத சப்பாத்துகள் வந்தன. அந்த வரிசையில் எங்கள் ஓபிஸுக்கு ஒரு கறுப்புப் பெட்டி வந்தது. அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. எல்லாப் பைல்களும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும். வெளி வேலைக்குப் போகிறவர்களின் லெப்டொப்பில் அதே பைல்களின் பிரதி இருக்கும். வெளியில் நிற்கும்போது பிரதியில் வேலை செய்யலாம். திரும்பி வந்து கேபிளைக் குத்தினால் பெட்டியும் லெப்டொப்பும் தமக்குள் கதைத்து, மாறியதைப் பரிமாறி, இரண்டும் ஒன்றாகிவிடும். இதற்குப் பெயர் சிங்க் பண்ணுவது.

பெட்டியைப் பொருத்தித் தர கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். கல்முனை வெயிலில் கழுத்துப்பட்டி கட்டியவரை அதற்கு முன் ஒரு கலியாணத்தில்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் மாப்பிள்ளை. இவர் ஒரு நாள் இருந்தார். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம், “அது தானாகவே நடக்கும் மிஸ்” என்றார். லைன் பாதியில் போனால்? தானாகவே தொடரும். ஒரே பைலில் இரண்டு பேர் கை வைத்தால்? தானாகவே கேட்கும். கேட்டால் என்ன சொல்வது? அதற்கு அவர் சிரித்தார். “புதுசு எதுவோ அதை வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.” போகும்போது அந்த விதியை அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்: இரண்டு பதிப்புகள் மோதினால் பிந்திய நேரமுள்ளதே செல்லும்.

அந்த உறையின் அழகைச் சொல்ல வேண்டும். எங்கள் ஓபிஸில் கூரை ஒழுகிய காலத்திலும் அந்தத் தாள் மட்டும் நனையவே இல்லை.

கொழும்பில் அந்த விதி நன்றாக ஓடியிருக்கும். கொழும்பில் கேபிள் எப்போதும் குத்தியபடியே இருக்கும். எங்கள் பக்கம் ஒரு நாள் ஹர்த்தால், மறுநாள் சுற்றிவளைப்பு, அதற்கடுத்த நாள் கரண்ட் இல்லை. வெளி வேலைக்குப் போனவர் எப்போது திரும்பிக் கேபிளைக் குத்துவார் என்பது அவர் கையில் இல்லை. ஒருமுறை எங்கள் யோகன் அண்ணனைச் சோதனைச் சாவடியில் மறித்து லெப்டொப்பைத் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். திறந்ததும் அது பழக்கதோஷத்தில் பெட்டியைத் தேடி, ‘தொடர்பு கொள்ள முடியவில்லை’ என்று கத்தியிருக்கிறது. யாரோடு தொடர்பு கொள்ளப் பார்க்கிறாய் என்று கேட்டு அவரை மத்தியானம் வரை வெயிலில் நிறுத்தி வைத்தார்கள். “கல்முனையில ஒரு மிஸ்ஸோட எண்டு சொன்னன் தங்கச்சி, மறுகா இன்னும் ஒரு மணித்தியாலம் கூட வெச்சிரிந்தாங்க” என்று வந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போயும் அதை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன்.

யோகன் அண்ணன் திருக்கோவில்காரர். எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நிந்தவூர்ப் பக்கம் வயலை மூடி எழுப்பிய வீட்டுத்திட்டக் காணியில் நிலமட்டம் பார்ப்பது அவர் வேலை. கடலோரம் வீடு கட்டக் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது, கடலோரத்தை விட்டால் எங்கள் ஊர்களில் இருப்பது வயல். ஆகவே வயலை மூடினோம். வயலுக்குத் தண்ணீர் வந்து போகும் வழிகள் இருந்தன என்பதைக் மூடுவதற்குக் கிறவல் மண் ஏற்றி வந்த லொறிகளிடம் யாரும் சொல்லவில்லை.

எங்கள் இஞ்சினியர் நஸீர் சேர் கல்முனை ஓபிஸில் இருந்து திட்டப்படத்தை வரைந்தார். எந்த வீடு எங்கே, எந்தப் பாதை எவ்வளவு அகலம் என்று சொல்லும் படம் அது. பெட்டிக்குள் இருந்த பைல்களில் அதுதான் தாய்ப்பைல். அதில் சேரும் கை வைப்பார், யோகன் அண்ணனும் கை வைப்பார்.

ஹாஜறாவின் வீடு அந்தப் படத்தில் கடைசி வரிசையில் கடைசி வீடு. அவளைப் படம் வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். கொட்டில்களில் குழந்தைகளின் விபரம் எடுக்கப் போனபோது என் வயிற்றைப் பார்த்து, “எத்தின மாசம் மிஸ்? குந்தாதீங்க, கதிரையில இரிங்க” என்று அந்தக் கொட்டிலில் இருந்த ஒரே கதிரையைத் துடைத்துத் தந்தவள். புருஷனைக் கடல் கொண்டுபோயிருந்தது. ஒரு மகள். உம்மாவோடு இருந்தாள். அவள் என்னிடம் எப்போதும் ஒன்றைத்தான் கேட்பாள்: “படத்தில என்ட வீடு இரிக்கிதானே?” இருக்கிறது என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்வேன். சொல்லிவிட்டு ஓபிஸுக்கு வந்து இருக்கிறதா என்று திறந்து பார்ப்பேன். இது என் குணம். இதற்காக ஓபிஸில் என்னை நக்கலடிப்பார்கள். “மிஸ், சூரியன் இரிக்கா எண்டு ஒருக்கா பாத்திட்டு வாங்க” என்பார் சேர்.

அந்த வருடம்தான் நாடு முழுக்க மணிக்கூட்டை அரை மணி பின்னுக்குத் தள்ளினார்கள். உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஞாபகம் இருக்காது. அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பு முன்னுக்குத் தள்ளியதையும் எங்கள் பக்கம் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. ‘பழைய நேரமா, புதிய நேரமா’ என்று கேட்டுத்தான் கலியாண வீட்டுக்கே போவோம். இப்போது பழையது மீண்டும் புதியதானது. கொழும்பிலிருந்து ஒரு வரியில் அறிவித்தல் வந்தது: எல்லாக் கணினிகளிலும் நேரத்தை அரை மணி குறைக்கவும்.

ஓபிஸில் இருந்த கணினிகளையும் பெட்டியையும் நான் மாற்றினேன். கணினிக்கு நேரம் மட்டுமல்ல, தான் எந்த நாட்டு நேரத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பும் உண்டு. அந்த நினைப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். நான் மாற்றினேன், பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய் மாற்றியிருக்கிறேனா என்று பார்த்தேன். வெளியில் நின்றவர்கள் சுவர் மணிக்கூட்டின் முள்ளைத் திருப்புவதுபோலத் திருப்பிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். அறிவித்தல் அதைத்தானே சொன்னது. ‘எல்லாரும் சரியாகச் செய்தீர்களா?’ என்று கொழும்பு கேட்டது. எல்லாரும் ஓம் என்றார்கள். அத்தோடு அறிவித்தலின் வேலை முடிந்தது.

இனி அந்த நாள்.

மறுநாள் ஹர்த்தால் என்று காலையிலேயே கதை வந்துவிட்டது. திட்டப்படத்துக்கு அனுமதி தர வேண்டிய அலுவலகத்தில் அந்த வாரம்தான் கூட்டம். அதைத் தவறவிட்டால் மாரி தொடங்கிவிடும், கொந்தராத்துக்காரர் மிஷின்களை வேறு இடத்துக்குக் கொண்டு போய்விடுவார். ஆகவே பின்னேரம் சாவடி மூடுவதற்கு முன் படம் வானில் ஏறிப் போக வேண்டும். டிரைவர் வானைத் திருப்பி நிறுத்திவிட்டு ஹோன் அடித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அன்று வேறு கவலையும் இருந்தது. பிள்ளைக்கு எட்டு மாதம். காலையில் உடம்பு சுட்டதுபோலத் தெரிந்தது. உம்மா, “ஒண்டுமில்ல, நீ போ” என்றார். நான் போனேன். போனது சரியா என்று ஒவ்வொரு மணிக்கும் வீட்டுக்குக் கோல் எடுத்துக் கேட்டேன். “நீ எடுக்கிற ஒவ்வொரு கோலுக்கும் புள்ள எழும்புது” என்று உம்மா கடைசியில் ஏசினார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து கொஞ்சத்தில் யோகன் அண்ணன் நிந்தவூரில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். காலில் சேறு. லெப்டொப்பை என் மேசையில் வைத்துக் கேபிளைக் குத்தினார். திட்டப்படத்தில் வந்ததும் சிங்க் நின்றது. ‘இரண்டு இடத்திலும் இந்தப் பைல் மாறியிருக்கிறது. எதை வைத்துக்கொள்ள?’ என்று கேட்டது. இந்தக் கணினியில் உள்ளதையா, பெட்டியில் உள்ளதையா, இரண்டையுமா?

“என்ன மாத்தினீங்க அண்ணே?”

“கடைசி வளவ எடுத்திட்டன். அதுக்குக் கீழால வடிச்சல் போகுது தங்கச்சி. வயல் தண்ணி வடியிற வழி. கிறவல் போட்டு மூடியிரிக்காங்க, ஆனா மட்டம் பாத்தா தண்ணி அங்கதான் வந்து நிக்கும். அந்த வீட்டக் கட்டினா மாரியில வீட்டுக்குள்ள மீன் பிடிக்கலாம்.”

கடைசி வளவு. படத்தைத் திறந்து பார்த்தேன். ஹாஜறாவின் பெயர் எழுதியிருந்த சதுரம் இல்லை. அந்த இடத்தில் இரண்டு நீலக் கோடுகள்.

பெட்டியில் இருந்த படத்தையும் திறந்தேன். அது சேர் அன்று சாப்பாட்டுக்கு முன் முடித்தது. பாதைகளை ஒழுங்குபடுத்தியிருந்தார். சதுரம் இருந்தது, பெயரும் இருந்தது.

சேர் எழுந்து வந்து என் தோளுக்கு மேலால் பார்த்தார். “இதில என்ன யோசின புள்ள? சுவரப் பாருங்க. பிந்தினது எது?”

லெப்டொப் திரையில் இரண்டு நேரங்களும் தெரிந்தன. சேருடையது பிந்தியது. கால் மணி அளவுக்குப் பிந்தியது.

“பாத்தீங்களா. என்டதுதான் புதுசு. அமத்துங்க.”

“சேர், புதுசு எண்டா சரியெண்டு அர்த்தமில்லையே.”

“அப்ப பழசு எண்டா சரியா?” சேர் சிரித்தார். “இங்க பாருங்க, கட்டுறமெண்டு பள்ளிவாசல நடத்துற மரைக்காயர்மாருக்கு முன்னால நான் எண்ணிச் சொன்ன வீடுகள். அதில ஒண்ட வெட்டினா அந்த மனிசிக்கு அடுத்த காணி எங்க இரிக்கு? யோகன் வாங்கித் தருவாரா? ஒருக்கா படத்தில இரிந்து போன வீடு திரும்பி வாறல்ல. முதல்ல வீட்ட எழுப்புவம். தண்ணியப் பிறகு பாப்பம்.”

“தண்ணி பிறகு பாக்க நிக்காது சேர்” என்றார் யோகன் அண்ணன். “அது முதல்லயே வந்து பாத்திட்டுப் போகும்.”

இரண்டையும் ஒன்றாக்க முடியாதா என்று டிரைவர் வாசலில் நின்று கேட்டார். ஒரே வளவில் வீடும் நின்று வடிச்சலும் ஓடுமென்றால் ஒன்றாக்கலாம்.

நான் அந்த நேரங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒன்று குத்தியது. சேருடைய பைல் பன்னிரண்டரை தாண்டிச் சேமித்ததாகக் காட்டியது. ஆனால் பன்னிரண்டரைக்கு சேர் ஓபிஸில் இல்லை. மத்தியானத் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் வாங்கு கேட்டதும் அவர் எழும்பிப் பள்ளிவாசலுக்குப் போவது வழக்கம். ஒரு நாளும் பிந்த மாட்டார். அன்றும் போனதைக் கண்டேன். வாங்கு பன்னிரண்டு தாண்டிக் கொஞ்சத்தில் சொல்வது.

“சேர், நீங்க எப்ப சேவ் பண்ணினீங்க?”

“வாங்கு தொடங்கக்குள்ள. அமத்திட்டு எழும்பினன். ஏன்?”

“யோகன் அண்ணே, நீங்க?”

“நானா? வாங்கு சொல்லி முடிஞ்ச பிறகு. சரியா ஞாபகம் இரிக்கு. வாங்கோட கூலிக்காரரெல்லாம் தொழப் போயிட்டாங்க, மட்டப் பலகையப் பிடிக்க ஆளில்ல. அப்பதான் குந்தியிருந்து படத்தத் திருத்தினன்.”

கரை முழுக்க லுஹர் வாங்கு ஏறக்குறைய ஒரே நேரம். அப்படியென்றால் யோகன் அண்ணனுடையதுதான் பிந்தியது. லெப்டொப் தலைகீழாகச் சொல்கிறது. நேர அமைப்பைத் திறந்தேன். முள்ளை மட்டும் திருப்பியிருந்தார், நாட்டு நேர நினைப்பை மாற்றவில்லை. லெப்டொப்போ தான் இன்னும் பழைய கணக்கில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தது. தன் நேரத்தைச் சரியாகக் காட்டி, மற்றவர் சேமித்த நேரத்தையெல்லாம் அரை மணி கூட்டிக் காட்டியது.

விளங்கப்படுத்தினேன். சேர் கேட்டுவிட்டு, “அப்ப கம்பியூட்டர் சொல்றது பிழை, பள்ளியில வாங்கு சொல்ற மோதினார்தான் சரி?” என்றார்.

“நேரத்தப் பொறுத்தவரைக்கும் ஓம் சேர்.”

“கொழும்புக்கு எழுதுங்க, அடுத்த பெட்டியோட ஒரு மோதினாரையும் சேத்து அனுப்பச் சொல்லி.”

யோகன் அண்ணன் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்கும் ஒரு கணம் வெற்றிபோல இருந்தது. இதைக் கவனியுங்கள், தங்கச்சிமாரே, தம்பிமாரே. வேலையில் மிக ஆபத்தான கணம் இதுதான். ஒரு பிழையைக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில், பிரச்சினையே தீர்ந்துவிட்டது என்று நினைப்போம். நான் கண்டுபிடித்தது என்ன? எது பிந்தியது என்பதை. அந்த விதியின்படியே யோகன் அண்ணனின் படம் செல்லும். அவ்வளவுதான். கொஞ்சத்துக்கு முன் சேரின் படத்தைக் கழுத்துப்பட்டிக்காரரின் விதி காப்பாற்றியிருக்கும், இப்போது அதே விதி யோகன் அண்ணனைக் காப்பாற்றுகிறது. வீடு வேண்டுமா, வடிச்சல் வேண்டுமா என்பதற்கு மணிக்கூடு பதில் சொல்லவே இல்லை, சரியாக ஓடியிருந்தாலும் சொல்லியிருக்காது.

ஹோன் அடித்தது. போனும் அடித்தது. உம்மா. “காய்ச்சல் கூடிற்று. ஆசுபத்திரிக்குக் கொண்டு போறன், பதறாத” என்றார். பதறாதே என்றால் பதறுவதற்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? திரையில் மூன்று தெரிவுகள். என் விரல் கணினி எலியின் மேல் இருந்தது. சேர் சொன்னார், “அமத்துங்க புள்ள.” யோகன் அண்ணன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவதை அமத்தினேன். இரண்டையும் வைத்துக்கொள்.

இரண்டு படங்களையும் அச்செடுத்தேன். இரண்டையும் அனுப்புவோம், கூட்டத்தில் இருப்பவர்கள் பார்த்துத் தீர்மானிக்கட்டும் என்றேன். சேரின் முகம் மாறியது. நக்கல் போய்விட்டது. மெதுவாகக் கதைத்தார்.

“ரெண்டு படம் போனா அவங்க ஒண்டத் தெரிவு செய்யமாட்டாங்க. ரெண்டயும் ஓரமா வைப்பாங்க. அந்த வரிசையே நிண்டு போகும். தெரிஞ்சுகொள்ளுங்க.”

“பிழையான படம் போறத விட அது நல்லம்தானே சேர்?”

“எனக்குத் தெரியா. உங்களுக்குத் தெரிஞ்சா அனுப்புங்க.”

எனக்கும் தெரியாது. ஆனாலும் அனுப்பினேன். வான் போனது. நான் ஓட்டோ பிடித்து ஆசுபத்திரிக்கு ஓடினேன். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பல் முளைக்கிற காய்ச்சல். உம்மா ஆசுபத்திரி பெஞ்சில் இருந்து என்னைப் பார்த்த பார்வையில், வேலைக்குப் போகிற எல்லாத் தாய்மாருக்கும் கிடைக்க வேண்டிய ஏச்சு முழுவதும் இருந்தது.

சேர் சொன்னபடியே நடந்தது. மற்ற வரிசைகளுக்கு அனுமதி வந்தது. கடைசி வரிசை ‘மேலும் ஆராய்வதற்காக’ நிறுத்தப்பட்டது. அந்த ஓபிஸ்களில் இருக்கிறவர்கள் எவ்வளவு ஆராய்ச்சிப் பிரியர்கள் என்பது வேலைக்குப் போனதும் உங்களுக்குத் தெரியவரும். வரிசையில் மற்றவர்களுக்கு வேறு திட்டங்களில் இடம் கிடைத்தது, அவர்களுக்காகப் போய்க் கதைக்க ஆண்கள் இருந்தார்கள். ஹாஜறாவுக்குக் கிடைக்கவில்லை.

யோகன் அண்ணன் சொன்னபடியும் நடந்தது. மாரி வந்தது. முதல் பெருமழைக்கு அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கடைசி வளவில் முழங்கால் தண்ணீர். பக்கத்து வயல்களின் தண்ணீரெல்லாம் வழி தேடி அங்கே வந்து நின்றது. “நாங்க சரிதான் அண்ணே” என்றேன். அவர் தண்ணீரைப் பார்த்தபடி, “நாங்க சரியாயிருந்து அந்தப் புள்ளைக்கு என்ன தங்கச்சி?” என்றார்.

கொழும்பிலிருந்து எனக்குப் பாராட்டு வந்தது. நேரப் பிழையைக் கண்டுபிடித்ததற்காக. சுவரில் இருந்த தாளுக்குக் கீழே இன்னொரு தாளை, அதற்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, ஒட்டினார்கள்: நேர அமைப்பைச் சரிபார்க்கவும்.

பாராட்டு வந்த மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு ஹாஜறாவிடம் போனேன். சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இரண்டு படங்களையும் விரித்துக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். வடிச்சலைச் சொன்னேன், முழங்கால் தண்ணீரைச் சொன்னேன். அவளுக்கு நன்மைதான் செய்திருக்கிறோம் என்று விளங்கும் என எதிர்பார்த்தேன். அவள் பிளாஸ்டிக் பேசினைக்கொண்டு தண்ணீரை அள்ளி வாசலுக்கு வெளியே ஊற்றிக்கொண்டே கேட்டாள். மகள் கட்டிலின் மேல் காலை மடக்கி இருந்தாள்.

அப்போதுதான் நான் தொடக்கத்தில் எழுதிய அந்தக் கேள்வி.

“தண்ணி வந்திரிக்குமே ஹாஜறா” என்றேன். “பிள்ளையோட என்னெண்டு இரிந்திரிப்பீங்க?”

“இப்ப என்னெண்டு இரிக்கன்?” என்றாள். “வீடெண்டா ரெண்டு படி உயத்திக் கட்டியிருப்பன். வருஷா வருஷம் ஒரு மாசம் இறைச்சிருப்பன். மத்த மாசமெல்லாம் கதவப் பூட்டிட்டு நித்திர கொண்டிருப்பன் மிஸ். பூட்டுற கதவு எனக்கு வேணும். அத நீங்க நெனச்சும் பாக்கல்ல.”

பிறகு, நான் குடையையும் மீறிச் சாரலில் நனைந்துகொண்டு நிற்பதைக் கண்டு, “உள்ளுக்கு வாங்க, கதிரையில இரிங்க” என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் சண்டை சூடு பிடித்தது. வேலை நின்று நின்று நடந்தது. அவளுக்கு வேறு இடத்தில் ஒரு வீடு எழும்ப நெடுங்காலம் எடுத்தது. அது எழும்புவதற்குள் மகளை உம்மாவிடம் விட்டுவிட்டு வீட்டு வேலைக்கு வெளிநாடு போய்விட்டாள். பூட்டுகிற கதவுள்ள வீட்டில் இப்போது உம்மாவும் மகளும் இருக்கிறார்கள். அவள் அந்த வீட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

வேலைக்குப் போகிறவர்களே, இந்தக் கதையிலிருந்து எல்லாரும் எடுக்கிற பாடம் நேர அமைப்பைச் சரிபார்ப்பது. சரிபாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கேபிளைக் குத்துவதற்கு முன்பே பாருங்கள். அவசரத்தில் முதல் இரண்டு தெரிவுகளைத் தொடாதீர்கள். மூன்றாவதை அமத்தினால் ஒன்றும் அழியாது. இதையெல்லாம் உங்கள் நிபுணரும் சொல்வார், உறையும் போட்டுத் தருவார். ஆனால் ‘இரண்டையும் வைத்துக்கொள்’ என்பதைத் தீர்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கணினிக்கு அது பொருந்தும், அதன் வயிறு பெரியது. ஒரு மனிசிக்கு ஒரு வீடுதான். நான் கவனமானவள் என்று பெயர் எடுத்தவள். கவனமானவர்கள் ஒன்றையும் தெரிவு செய்யாமல் விடுவதற்குக் கவனம் என்று பெயர் வைத்திருக்கிறார்களோ என்று இப்போது சில நேரம் சந்தேகம் வருகிறது. அன்று நாங்கள் மூன்று பேர், ஒரு டிரைவர், ஒரு லெப்டொப், கொழும்பு, மோதினார் என்று எல்லாரிடமும் கேட்டோம். கொட்டில் ஓட்டோவில் போகிற தூரம். வான் இன்னும் கொஞ்சம் ஹோன் அடித்திருக்கும். கேட்டிருக்கலாம்.

ஆனால், இப்படியும் யோசிக்கிறேன்: கேட்டிருந்தால் அவள் வீடு இருக்கும் படத்தைத்தான் காட்டியிருப்பாள். வீடில்லாதவளிடம் வீடு வேண்டுமா என்று கேட்பது ஒரு கேள்வியா? முழங்கால் தண்ணீரில் அவளுடைய மகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால், ‘அவதானே சொன்னா’ என்று நான் சொல்லியிருப்பேனா? இதைத் திருப்பித் திருப்பி யோசித்து, அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கப் போவதுபோல, அதே இடத்துக்கே வந்து நிற்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஹாஜறா லீவில் வருகிறாள். அவள் உம்மா சொல்லி அனுப்பினார்: “மிஸ்ஸ வரச் சொல்லு, வீட்டப் பாக்க.” நான் போக வேண்டும். இரண்டு படங்களும் இன்னும் என் அலுமாரியில் இருக்கின்றன. கொண்டுபோய், ‘அன்று கேட்டிருந்தால் எதைச் சொல்லியிருப்பீங்க’ என்று இப்போதாவது கேட்பதா? கேட்டால் அது அவளுக்காகவா, எனக்காகவா? இல்லை, படங்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, அவள் தருகிற கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதா?

உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். பெருநாளைக்கு முன் எழுதுங்கள். இரண்டையும் செய் என்று மட்டும் எழுத வேண்டாம்.